அறுபதிலும் சுழி

"அக்கா, மேடம் முன்னாடி நீங்க வாயே திறக்கக் கூடாது. பேசுறதெல்லாம் நான் பேசிக்கிறேன்."

திருச்சி விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கின் வாசலில் கஸ்டம்ஸ் ஏஜென்ட் அன்புச்செல்வன் இப்படிச் சொன்னபோது, லிசி தன் கையிலிருந்த ஏற்றுமதித் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதத்துக்கு முன்பு அவன் தயாரித்த தாள் அது. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் அவள் போட்டிருந்தாள். முழுசாகப் படித்தது அன்று காலையில்தான். கையெழுத்துப் போடும் தாளை நம் ஊரில் யார்தான் படிக்கிறார்கள்?

"அன்பு, இந்த அடையாளக் குறி விஷயத்துல ஒண்ணு சொல்லணும்..."

"அப்புறம் சொல்லுங்க. மேடம் வந்துட்டாங்க."

அரியமங்கலத்தில் லிசிக்கு ஒரு சின்னப் பட்டறை. செயற்கைக் காலின் முட்டிக்குள் போகும் எஃகு அச்சு அங்கே தயாராகிறது. ஆள் எழுந்து நின்றால் உடம்பின் மொத்த எடையையும் தாங்குவது அந்த விரல் நீள அச்சுதான். அறுபது அச்சுகள் மலேசியாவுக்குப் போய், அங்கே ஒரு கம்பெனியில் முழு முட்டியாகக் கோக்கப்பட்டுத் திரும்பி வந்திருந்தன. புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் அறுபது பேர் அவற்றுக்காகக் காத்திருந்தார்கள்.

உள்ளே இருப்பது இங்கிருந்து போன அதே அச்சு என்று நிரூபித்தால் அதன் மதிப்புக்கு இறக்குமதி வரி கிடையாது, வெளியே செய்த வேலைக்கு மட்டும் கட்டினால் போதும் என்று அன்புச்செல்வன் சொல்லியிருந்தான். நிரூபிக்க முடியாவிட்டால் முழு வரி. முழு வரி கட்டினால் ஒப்புக்கொண்ட விலைக்குக் கொடுக்க முடியாது. ஆர்டர் போய்விடும். பட்டறையை மூடிவிட்டு அதில் வேலை செய்யும் எட்டுப் பெண்களையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

அதிகாரி ஆனந்தவள்ளி ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருபவர். சலுகை என்ற சொல்லைக் கேட்டாலே மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வார். இப்போதும் ஏற்றிவிட்டுக்கொண்டுதான் தாளைப் படித்தார்.

"அடையாளக் குறி, அச்சின் தலையில் பிள்ளையார் சுழி." லிசியின் கழுத்தில் தொங்கிய சிலுவையைப் பார்த்தார். "உங்க பட்டறையில பிள்ளையார் சுழியா?"

அன்புச்செல்வன் முந்திக்கொண்டான். பட்டறையில் மூத்தவர் இருளாயி என்றும், சின்ன உளியால் தட்டிச் சுழி போடாமல் அவருக்கு வேலை ஓடாது என்றும், லிசியும் அதில் தலையிடுவதில்லை என்றும் விளக்கினான். சரக்கு அனுப்பிய அன்று பெட்டியைத் திறந்ததும் மேலே இருந்த அச்சில் அந்தச் சுழி தன் கண்ணில் பட்டதாம். யாரையும் கேட்காமல், தானே போட்டோ எடுத்து ஒட்டி, அடையாளக் குறி என்று எழுதி, தாளின் பிரதி ஒன்றைச் சரக்கோடும் அனுப்பிவிட்டானாம். அதைச் சொல்லும்போது அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனந்தவள்ளி ஒரு முட்டியை எடுத்து, ரப்பர் மூடியைக் கழற்றினார். உள்ளே அச்சின் தலையில் சுழி இருந்தது. போட்டோவில் இருந்த அதே சுழி.

லிசி சிலுவையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இரண்டாவதைத் திறந்தார். அதிலும் சுழி. லிசியின் கை சிலுவையிலேயே நின்றுவிட்டது. மூன்றாவதிலும் சுழி. நான்காவதிலும், ஐந்தாவதிலும் அதே சுழி. அன்புச்செல்வனுக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. லிசியின் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

"போதும். பொருந்துது," என்றார் ஆனந்தவள்ளி.

"மேடம், மிச்சத்தையும் பார்த்துடுங்க," என்றாள் லிசி.

அன்புச்செல்வனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வரம் கொடுக்க வந்தவரை உட்கார வைத்து வம்பு வளர்க்கிறாளே என்று பல்லைக் கடித்தான். அக்காவுக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை மேடம் என்று சமாளிக்கப் பார்த்தான். லிசி அவனைக் கண்டுகொள்ளவில்லை. அனுமதி கேட்டுவிட்டு, தானே ஒவ்வொரு மூடியாகக் கழற்றி மேசையில் வரிசையாக வைத்தாள். இருபது, முப்பது, நாற்பது என்று வரிசை நீண்டது. கடைசி மூடியைக் கழற்றியதும் அங்கிருந்த மரப்பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அறுபதிலும் சுழி.

ஆனந்தவள்ளி தண்ணீர் பாட்டிலை நீட்டினார். சந்தோஷத்தில் சிலருக்கு இப்படி ஆகும் என்று அவருக்குத் தெரியும். சலுகை அளிக்கப்படுகிறது என்று எழுதி, தேதி போட்டார்.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒண்ணு விடாம குறி இருந்த சரக்கை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். வாங்கம்மா, கையெழுத்துப் போடுங்க."

அன்புச்செல்வன் பேனாவின் மூடியைக் கழற்றியே கொடுத்தான். லிசி அதை வாங்கவில்லை.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன் மேடம். இதை நம்பி யாரும் எழுந்து நிக்கக் கூடாது. இந்த அறுபதுல எங்க அச்சு ஒண்ணு இருந்தாலே அதிகம்."

"என்னம்மா சொல்றீங்க? எல்லாத்துலயும் உங்க சுழி இருக்கே?"

"அதனாலதான் சொல்றேன். எங்க இருளாயி அக்கா பிள்ளையார் சுழியை முதல் அச்சுல மட்டும்தான் போடுவாங்க."