அடிவண்டல்

ஜுரத்தில் மணம் தெரியாமல் போன பிறகு லூர்துநாதன் வீட்டில் வடித்த முதல் கோதுமை பியர் அது. போதை தூக்கலாக வடித்து, பாட்டில்களில் அடைத்து, கட்டிலுக்கடியில் இருட்டில் மூன்று வருஷம் பழக விட்டிருந்தார். கல்யாண நாளன்று ஒன்றை எடுத்துத் திறந்தார். இப்போதெல்லாம் முதல் வாய் மனைவி ஃபிலோமினாவுக்குத்தான். அவள் மூக்குதான் அவருக்கும் மூக்கு.

அவள் குடித்தாள். புளித்துப்போய் சுத்தக் காடி. தொண்டை எரிந்தது. அவரோ பிரசவ அறை வாசலில் நிற்பவர்போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு, பிலோ?"

"தேன் மாதிரி இருக்குங்க. கூடவே கொஞ்சம் உலர்ந்த திராட்சை."

அவரும் ஒரு வாய் குடித்தார். ஜுரம் மணத்தைத்தான் கொண்டுபோயிருந்தது. நாக்குக்கு இனிப்பும் புளிப்பும் இன்னும் தெரியும். அவசரத்தில் அவள் அதை மறந்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார்.

"ஆமா, தேனேதான்."

கோதுமை பியரில் அடிவண்டலுக்குத்தான் ருசி அதிகம். பாட்டிலைச் சுழற்றி அதை அவள் தம்ளரில் ஊற்றுவது கல்யாணமான நாளிலிருந்து வழக்கம். இன்று சுழற்றியவர் பாட்டிலைத் தன் தம்ளர் பக்கம் கொண்டுபோனார்.

"இந்த தடவை இது எனக்கு. இவ்ளோ நல்லா வந்திருக்கிறத உனக்குக் குடுக்க மனசு வரல."

ஃபிலோமினா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தன் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"பாதி எனக்கு ஊத்துங்க."