துபாஷியின் தாளம்

ஏரி நடுவில் அத்தனை படகுகளும் தன்னை வளைத்து நிற்பதைப் பார்த்து துபாஷி வேதாசலத்துக்கு மெய் சிலிர்த்தது. ரசிகர்கள் என்றால் இப்படியல்லவா தேடி வர வேண்டும்.

அவர் படகில் ஒரு பலகை. அதன்மேல் டச்சுக் கோட்டையின் உலாந்தாக் கப்பித்தான் சாராயம் குடிக்கும் கண்ணாடிக் கோப்பைகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் அளவு தண்ணீர். இரண்டு குச்சிகளால் அவற்றைத் தட்டி ஏதோ ஒரு ராகம் வாசித்துக்கொண்டிருந்தார். எந்த ராகம் என்பது அவருக்கும் கோப்பைகளுக்கும் இன்னும் தீர்மானமாகவில்லை. தாளத்துக்கு மட்டும் குறைவில்லை. கப்பித்தான் கழித்துப் போட்ட மரச் சப்பாத்தை மாட்டிய காலால் படகே அதிர அதிர மிதித்தார்.

எல்லாம் கோட்டைக்குப் பக்கத்தில் கப்பித்தான் கட்டியிருக்கும் சங்கீத மண்டபத்துக்காக. திறப்பு நாளன்று மண்டபம் நிறையாவிட்டால் மொழிபெயர்க்கும் துபாஷி வேலை உன் மச்சினன் கேசவனுக்கு என்று கப்பித்தான் சொல்லிவிட்டார். கேசவன் இப்போதே தலைப்பாகைக்குச் சரிகைத் துணி எடுத்துவிட்டதாகக் கேள்வி.

அதனால்தான், மீன் வாடை அடித்தாலே மூக்கைப் பொத்திக்கொள்ளும் சைவரான வேதாசலம், குப்பம் குப்பமாகப் படகில் போய் வாசித்துக்கொண்டிருந்தார்.

பக்கத்துப் படகில் சிங்காரம் வலையை இறக்கிவிட்டு நிமிர்ந்தான். தடியை எடுத்துக்கொண்டு எழுந்த தம்பியைக் கையமர்த்தினான்.

"நீ குந்துடா. சாமி பாத்துக்குவாரு."

சங்கீதத்துக்கு என்ன மரியாதை! வேதாசலம் உருகிப்போய், வாசிப்பு எப்படி என்று கேட்டார்.

"கோப்ப சத்தம் எங்களுக்கு அவ்ளோவா புரியல சாமி. ஆனா கால்ல போடுறீங்க பாருங்க தாளம், அத மட்டும் வுட்றாதீங்க. இன்னும் கொஞ்சம் ஓங்கித் தட்டுங்க."

பிறவியிலேயே லயஞானம் என்று முணுமுணுத்துக்கொண்டு வேதாசலம் ஓங்கித் தட்டினார். இரண்டு கோப்பைகள் உருண்டு ஏரிக்குள் போயின. யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

நாளுக்கு நாள் படகுகள் கூடின. ஒருநாள் காய்ச்சலென்று படுத்துவிட்டார். குப்பத்திலிருந்து காசியம்மாள் வீடு தேடி வந்து, நாளைக்காவது சாமி வருவாரா என்று விசாரித்துவிட்டுப் போனாள். அவர் வாசிப்பைப் பாத்திரம் துலக்குகிற சத்தம் என்று சொல்லிவந்த மனைவி ரங்கம்மாளே அன்று கோப்பைகளைத் துடைத்து அடுக்கிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மண்டபத்துக்கு எல்லாரும் வந்துவிட வேண்டும் என்று வேதாசலம் சொன்னபோது சிங்காரம் கோபித்துக்கொண்டான்.

"நீங்க சொல்லணுமா சாமி? உங்களுக்குச் செய்யாம இருப்பமா? குப்பமே வரும்."

வெள்ளிக்கிழமை. மண்டபத்தில் கப்பித்தான் ஒரு நாற்காலியில். மற்ற நாற்காலிகளில் காற்று. சரிகைத் தலைப்பாகையோடு கேசவன் தூணில் சாய்ந்து, அக்கா புருஷனைப் பார்த்துப் பரிவோடு புன்னகைத்தான்.

அப்போது ஏரிக்கரைப் பக்கம் புழுதி கிளம்பியது. ஆணும் பெண்ணுமாகக் குப்பம் மொத்தமும் தலையில் கூடைகளோடு வந்துகொண்டிருந்தது. கப்பித்தான் எழுந்து நின்றே கைதட்டினார். கேசவன் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

வேதாசலம் வாசலுக்கு ஓடினார். கூட்டம் படியோடு நின்றது. சிங்காரம் தன் கூடையை அவர் காலடியில் இறக்கினான். வழிய வழிய மடவை மீன். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொன்றாக இறக்கினார்கள். மூக்குக்குப் போன கையை வேதாசலம் பாடுபட்டுக் கீழே இழுத்துக்கொண்டார்.

"காணிக்கை எல்லாம் எதுக்குப்பா? மொதல்ல உள்ள வந்து உக்காருங்க."

"உள்ள இன்னாத்துக்கு சாமி? நீங்க படகத் தட்டித்தானே மீனு மெரண்டு எங்க வலைக்குள்ள ஓடியாந்துச்சு, தட்டுறவரு பங்கக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தோம்."