அப்பா உட்கார்ந்த நாற்காலிகள்

“அப்பா உக்காந்த நாற்காலிய விக்கறேன்னு சொல்ல உனக்கு எப்பிடிடி வாய் வந்துது?”

அன்புமணியின் சத்தம் புதுப்பாளையத்துத் தெருமுனை டீக்கடை வரை கேட்டது.

“நல்லா கேளுண்ணே! நான் இருக்கற வரைக்கும் அதுங்க இந்த வாசப்படி தாண்டாது” என்றான் தம்பி கதிர்வேல். அண்ணனும் தம்பியும் ஒரு விஷயத்தில் ஒரே பக்கம் நின்றது அன்றுதான் முதல் தடவை.

தங்கை வெண்மதி அசையவில்லை. “இதுங்கள வித்து எனக்குக் கல்யாணம் பண்ணுங்கன்னு சொன்னதே அப்பாதான். முப்பத்தாறு வயசாவுது. நெல்லிக்குப்பத்துக்காரங்க ஆவணிக்கு மேல காத்திருக்க மாட்டாங்களாம். எனக்குன்னு வேற என்னா இருக்கு?”

பர்மா தேக்கில் கைவைத்த பிரம்பு நாற்காலிகள். பழைய பங்களா ஒன்றின் சாமான்கள் ஏலம் போனபோது அப்பா வாங்கிப்போட்ட ஜோடி.

“பிரம்பு அறுந்தப்ப பாண்டிக்குத் தூக்கினு போயிப் பின்னிக்கினு வந்தவன் நானு!” என்றான் அன்புமணி.

“இன்னொண்ணு கால் ஆடுனப்ப பண்ருட்டிக்கு எடுத்துனு போனது யாரு? நானு!” என்றான் கதிர்வேல்.

அடுப்பை அணைத்துவிட்டே வேடிக்கை பார்க்க வந்திருந்த எதிர்வீட்டுத் தில்லையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பெத்தா இப்பிடிப் புள்ளைங்களப் பெக்கணும்.”

சாவதற்கு முன் அப்பா எட்டு மாதம் படுக்கையில் கிடந்தபோது இந்தப் பிள்ளைகள் எட்டு தடவை வந்திருந்தால் அதிகம். அதை அந்த நேரத்தில் ஞாபகப்படுத்துவது நாகரிகமில்லை என்று தெருவே வாயை மூடிக்கொண்டது.

வெண்மதி சிதம்பரத்திலிருந்து வரவழைத்திருந்த பழைய சாமான் வியாபாரி அபுல் ஹசன், அதுவரை ஓரமாக நின்றிருந்தார்.

“பாய், கைய வெக்காதீங்க!” என்று இருவரும் ஓடிவருவதற்குள் ஒரு நாற்காலியைக் கவிழ்த்துவிட்டார். பிறகு அடுத்ததை.

“மன்னிச்சுக்கம்மா. ரெண்டுமே காப்பி. பழசுன்னா மரஆணி அடிச்சிருக்கும், இதுல ஸ்டார் ஸ்க்ரூ. பிரம்பும் கையால பின்னல, ஷீட்டா வாங்கி ஒட்டியிருக்கு. மாமரத்துக்குத் தேக்கு கலர் பாலிஷ். ஜோடி மூவாயிரம் தேறாது.”

“பாத்தியா, அப்பாவ ஏலத்துலயே ஏமாத்திட்டானுங்க!” என்றான் அன்புமணி அவசரமாக.

“ஏலம் எப்ப?”

“எண்பத்தி நாலுல” என்றாள் வெண்மதி.

அபுல் ஹசன் தலையாட்டினார். “அப்ப இதுங்க இல்ல. இது செஞ்சு பத்து வருசம் இருக்கும். அது மூணு வருசங்கூட ஆவல. ரெண்டும் ஒரே ஆசாரி வேலையும் இல்ல.”

அண்ணன் தம்பியைப் பார்த்தான். தம்பி அண்ணனைப் பார்த்தான். அதற்குமேல் யாரும் கத்தவில்லை. தில்லையம்மாளுக்குத்தான் ஏமாற்றம்.

நெல்லிக்குப்பத்து மாப்பிள்ளை ஆவணியிலேயே வேறிடத்தில் பெண் எடுத்தான். வெண்மதி திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். வீட்டைப் பூட்ட வந்த அண்ணனும் தம்பியும் அப்பா ஞாபகமாக ஆளுக்கொரு நாற்காலியை எடுத்துக்கொண்டார்கள். யாருக்கு எது என்று ஒரு வார்த்தை பேச்சு இல்லை. பத்து வருசத்து நாற்காலியை அன்புமணியும் மூன்று வருசத்து நாற்காலியைக் கதிர்வேலும், அவரவர் மாற்றிவைத்ததை அவரவர் சரியாக அடையாளம் பார்த்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.