தாழிக்குள் பேஸ்

பேரையூரில் கிணறு வெட்டும்போது கிடைத்த தாழியை விருமாண்டி பழங்காநத்தம் வீட்டுக்குத் தூக்கி வந்தான். ஊரெல்லாம் மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து ‘தும் தும்’ என்று பேஸ் கேட்டுக்கொண்டிருந்த காலம். இடுப்புயரத் தாழியைப் பலகையால் மூடி, ஓட்டை போட்டு, எட்டு இஞ்ச் ஸ்பீக்கரைப் பொருத்தினால் தெருவே அதிரும் என்று நினைத்தான். அதிர்ந்தது.

“செத்தவங்களப் புதைச்ச தாழிடா அது. கொண்டுபோயி போட்டுட்டு வா. இல்ல, நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன்,” என்றாள் அம்மா பாண்டியம்மாள்.

“போயிட்டு வாத்தா. இம்புட்டு பேஸ் எந்தப் பொட்டியில வரும்?”

அவள் போய்விட்டாள்.

முப்பது வாட்ஸ் ஆம்ப்ளிஃபையரை மாற்றி அறுபது வாங்கலாமா என்று கேட்க, ரேடியோ மெக்கானிக் சீதாராமனை அழைத்து வந்தான். அவர் ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி மீட்டரில் வைத்தார். முள் சீராக ஏறி இறங்கியது.

“பெருசெல்லாம் வேண்டாம்ப்பா. நாம அனுப்பாமலே தாழிக்குள்ளேருந்து வருது,” என்றவர், மீட்டரைக்கூட எடுக்காமல் கிளம்பினார்.

விருமாண்டி பலகையைத் தூக்கிப் பார்த்தான். தாழியின் அடியில் ஒட்டியிருந்த மண் உதிர்ந்து, சத்தமில்லாமல் ஒரே தாளத்தில் குதித்துக்கொண்டிருந்தது.

“தாளம் வேணா நீ போட்டுக்க. பாட்டு நான்தான் போடுவேன்,” என்று மூடினான்.

அறுபது வாட்ஸையே வாங்கி வந்து மாட்டினான். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு கேசட்டை உருவிச் செருகினான். விரல் பொத்தானில் படுமுன்னே தாழி தொடங்கிவிட்டது. அழுத்தினான். பாட்டு வந்து அதே தாளத்தில் சேர்ந்துகொண்டது.

விருமாண்டி சவுண்டைக் கூட்டினான்.