சுண்ணாம்புப் பொட்டு

கல்லூரிக் கால்பந்து அணியில் கோல் அடிக்கிறவள் சுகந்தி. அவளுடைய பூட்ஸ் ஜோடியில் வலது அக்கா, இடது தங்கை. அந்த வருடப் போட்டிகள் தொடங்கியதிலிருந்து, அவள் கோல் அடிக்கும்போதெல்லாம் தோழிகள் மைதானத்துக் கோட்டில் இருக்கும் சுண்ணாம்பைத் தொட்டு அக்காவுக்கு ஒரு பொட்டு வைப்பார்கள். தங்கைக்கு வயிறு எரியும்.

"உனக்கென்னக்கா, மகாராணி. சேறு மிதிக்கத்தான் நான் இருக்கேனே" என்றது ஒருநாள்.

"நீ ஊன்றி நிக்கிறதாலதான்டி என்னால உதைக்க முடியுது."

"அப்போ எனக்கும் ஒரு பொட்டு வைக்கச் சொல்லேன்."

"அதை நான் யார்கிட்டடி போய்ச் சொல்ல?"

தங்கைக்கு மனசு ஆறவில்லை. அடுத்த ஆட்டத்தில் சுகந்தி பெனால்டி அடிக்க ஓடி வந்தாள். அக்காவும் ஒரு தடவை அவமானப்படட்டுமே என்று, ஊன்ற வேண்டிய நேரத்தில் தங்கை லேசாக வழுக்கிக் கொடுத்தது. பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. அணி தோற்றது.

அதற்கடுத்த ஆட்டத்தில் சுகந்தியை வெளியே உட்கார வைத்துவிட்டு ரெஜினாவை இறக்கினார்கள். பெஞ்சுக்குக் கீழே அக்காவும் தங்கையும் சும்மா கிடந்தன. ரெஜினா கோல் அடித்தாள். அவளுடைய வலது பூட்ஸுக்குப் பொட்டு வைத்தார்கள்.

"இப்போ உனக்குத் திருப்திதானே?" என்றது அக்கா.

தங்கை ரெஜினாவின் இடது பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கும் பொட்டு கிடையாது. உடம்பெல்லாம் ஈரச் சேறு.

"கொடுத்து வச்சவ" என்றது தங்கை.