பூட்டுப் படம்

அறையில் இருப்பவர்கள் மூவர்: அண்ணன், பாலங்களுக்கு வரைபடம் போடும் தம்பி, தம்பியின் மகள். வேலையை விட்ட அன்று அலுவலக வரைபடங்களைத் தம்பி பென்டிரைவில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டான் என்று சொந்தக்காரர்கள் வாயெல்லாம் பேச்சு. அந்தப் பென்டிரைவில் இருப்பதோ ஒரே ஒரு பெரிய கோப்பு. திரையின் வெளிச்சம் அண்ணனின் மூக்குக்கண்ணாடியில் நீலமாக நிற்கிறது; அவர் முதுகு நாற்காலியில் சாயவில்லை. மகள் அந்தக் கோப்பின் மேல் கிளிக் செய்கிறாள். திரையின் ஓரத்தில் புதிதாக ஒரு டிஸ்க் முளைக்கிறது, பக்கத்தில் சின்னப் பூட்டுப் படத்தோடு.

"பூட்டு எதுக்கு? எதை மறைச்சிருக்கான்?"

"மறைக்கல பெரியப்பா. இந்தக் கோப்பு ஒரு முழு சிடியோட நகல். படிக்கலாம், மாத்த முடியாது, அதான் பூட்டு."

"பாஸ்வேர்டே கேக்கலையே. முன்னாடியே திறந்து பார்த்துட்டியா?"

ஜன்னலருகே தம்பி, குடிக்காத டீயைக் கையில் வைத்தபடி சொல்கிறான்: "வீட்டுக் கம்ப்யூட்டர்ல விண்டோஸுக்குப் பதிலா போட லினக்ஸ் எடுத்துட்டு வந்தேண்ணா. யார் வேணா இலவசமா எடுத்துக்கலாம்."

"நீ வாயை மூடு. குடும்ப மானம் சந்தி சிரிக்குது. ஒவ்வொண்ணா திறம்மா."

மவுஸ் ஓசை மட்டும் கேட்கிறது. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் திறக்கிறது. ஒரு தூணும் இல்லை, ஒரு கோடும் இல்லை. கடைசி ஃபோல்டர் மூடுகையில் தம்பி டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, யாரையும் பாராமல் வெளியே போகிறான்.

ஊரே தூற்றியபோதும் அண்ணன் தம்பியைச் சந்தேகப்படவே இல்லை என்று இன்று குடும்பத்தில் பெருமையாகச் சொல்கிறார்கள். அது பொய். எல்லா ஃபோல்டரையும் அன்று அவர் இரண்டு தடவை திறக்கச் சொன்னார்.