கொறங்காட்டை உழுத வருடம்

பசு மறுபடியும் இழுத்தது. அவள் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் முழங்கால் உயரச் சோளப்பயிர். நுனி சுருண்டு வாடி நின்றது.

வாடிய இளஞ்சோளம் விஷம். நாலு வாய் தின்றால் மாடு வீடு திரும்பாது.

பசுவுக்கு அது தெரியாது. அது மேய்ந்து வளர்ந்த காடு.

சித்திரை வரைக்கும் உழாத மேய்ச்சல் நிலமாக, கொறங்காடாகத்தான் கிடந்தது. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும். மழை பொய்த்த வருடத்திலும் மாடுகளின் வாய்க்கு ஏதாவது கிடைத்துவிடும்.

மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. மாட்டுத் தீவனத்துக்குச் சோளத்தட்டு நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் கணவன் நாச்சிமுத்து மரங்களை வெட்டிவிட்டு டிராக்டரை இறக்கினான்.

அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

முதல் மழைக்குப் பயிர் எழுந்தது.

அடுத்த மழை வரவில்லை.

வடக்குக் காட்டுக் குழந்தைசாமி செம்மறிகளை ஓட்டிக்கொண்டு வந்தவர் வேலியோரம் நின்றார். அவர் தன் கொறங்காட்டை உழவில்லை. பயிரைப் பார்த்தார். பசுவின் விலாவைப் பார்த்தார். ஏன் உழுதீர்கள் என்று கேட்கவில்லை.

“மாட்ட வித்துப்போடாத அம்மிணி. எங்க காட்டுல நிக்கட்டும். பாலு உனக்கு, சாணி எனக்கு.”

“பில்லு உங்க ஆட்டுக்கே பத்தாதுங்களே மாமா.”

“பத்தற வரைக்கும் மேயட்டும்.”

கயிற்றை அவர் கையில் கொடுத்தாள். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. சோளம் அதற்குள் கருகிப்போயிருந்தது. சுற்றிலும் எல்லாக் காடுகளிலும் டிராக்டர் சத்தம்.

நாச்சிமுத்து காலையில் சொல்லாமல் கிளம்பிப் போனான். மறுபடி உழுவதற்கு வண்டி பேசப் போகிறான் என்று நினைத்தாள். கேட்கப் பயமாக இருந்தது.

மதியம் நடந்தே திரும்பினான். தோளில் துண்டில் கட்டிய மூட்டை.

பிரித்தான். கொழுக்கட்டைப் புல்லின் கதிர்கள். குழந்தைசாமியின் காட்டில் உருவியவை.

ஈர மண்ணில் இறங்கி ஒரு பிடி அள்ளினான். கை அப்படியே நின்றது.

அவன் அப்பன் கம்பு விதைத்திருக்கிறார். கொள்ளு விதைத்திருக்கிறார். அவர்கள் வீட்டில் யாரும் புல்லை விதைத்ததில்லை. அது பாட்டுக்கு இருந்தது.

“இத எப்படிப் புள்ள வெதைக்கறது?”

அவளுக்கும் தெரியவில்லை.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள்.